கட்டிலைக் கழற்றி வெயிலில் போடு

ரேடியோவின் முதுகுப் பலகையைத் திறந்து, உள்ளே பாடுகிறவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடிய வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வால்வு சூடேறும்போது வரும் அந்தக் கருகிய தூசி வாசம் உங்களுக்குச் சொன்னால் புரியும். பிறகு வந்தவர்களுக்கு எதைச் சொல்ல, எப்படிச் சொல்ல.

அந்த வருஷம் எங்கள் இராஜபாளையத்து வீட்டில் ஒரு கிட்டார் முளைத்தது. கரண்டில் பாடும் கிட்டார். யாரும் வாங்கி வரவில்லை. அங்கே ஒரு பலகை, இங்கே ஒரு காந்தம் என்று ஊரின் கழிவுகளெல்லாம் எங்கள் முற்றத்துக்கு நடந்துவந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கோடையில் தொடங்கியது, ஆடியில் முடிந்தது. முடிந்தது என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். அப்பா நூற்பாலையில் ஃபிட்டர். சங்கு ஊதி ஷிப்ட் முடிந்து வரும்போது புருவத்தில் பஞ்சு பூத்திருக்கும். காது கேட்காது. பிறவியில் வந்ததில்லை, நூல் முறுக்கும் கதிர்கள் ஓடும் அந்த ஹாலின் இரைச்சல் வருஷத்துக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனது. நான் பேசத் தொடங்கியபோது என் குரல் அவருக்குப் பாதிதான் எட்டியது. நான் பள்ளிக்கூடம் போனபோது அதுவும் இல்லை.

மில்லில் யாரும் வாயால் பேசுவதில்லை, பேசினாலும் கேட்காது. கையால் பேசுவார்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. மணிக்கட்டைத் திருகினால் மெஷினை நிறுத்து. மீசையைத் தடவினால் மேஸ்திரி வருகிறார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசினால் இழை சேர்ந்தது, எல்லாம் நலம். இந்தக் கைப்பேச்சு அப்பாவோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அம்மா மீசை இல்லாத உதட்டின் மேல் விரலைத் தடவினால் மாமா வருகிறார் என்று அர்த்தம். அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டு மேஸ்திரி.

நீளமாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் அப்பாவின் முகத்துக்கு நேராக நின்று, உதட்டை நிறுத்தி நிறுத்தி அசைப்போம். அவர் பார்த்துப் புரிந்துகொள்வார். சில சமயம், "என்னத்தா?" என்று திரும்பக் கேட்பார். அவர் குரல் மட்டும் தெருக்கோடிவரை கேட்கும்.

என் அக்காவுக்குக் கிட்டார் பைத்தியம். பள்ளிக்கூடத்துக்கு ஒரு வருஷம் மட்டும் வந்துபோன பாட்டு டீச்சரிடம் ஒரு கிட்டார் இருந்தது. அதில் கற்றுக்கொண்டாள். டீச்சர் மாற்றலாகிப் போனார், கிட்டாரும் போனது. அதன்பின் அக்காவுக்குக் கிட்டாராக இருந்தது என் இடது முழங்கைதான். படுத்திருக்கும்போது என் கையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, மணிக்கட்டிலிருந்து முட்டிவரை விரல்களை அழுத்தி அழுத்தி ஏதோ பாட்டை வாசிப்பாள். எனக்குச் சதை நோகும்.

"ஏட்டி, அசையாத. சுதி போயிரும்."

"என் கைக்கு என்னக்கா சுதி?"

"இருக்கு. நீதான் செவிடு."

அப்பா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மெல்லிசைக் குழு நடத்துகிறவர் அக்காவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்: ஆடிப்பூரத்துக்கு மேடை இருக்கிறது, கிட்டாருக்கு ஆள் இல்லை, சொந்தமாகக் கிட்டார் இருந்தால் வந்து வாசித்துக் காட்டட்டும். அம்மா, "பொம்பளப் பிள்ள மேடையில உக்காந்து கம்பிய நோண்டுனா எவன் கட்டுவான்?" என்றாள். மாமா அதையே இன்னும் உரக்கச் சொன்னார். அக்கா சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா அவள் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். "வாங்க வழியில்ல தாயி. செஞ்சிருவமா?"

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கேக்காத மனுசன் கிட்டாரு செய்யப் போறாராம்."

அப்பா சிரித்தார். "நான் கேக்காட்டி என்ன, ஊரு கேக்கட்டும்."

அப்படித்தான் ஆரம்பித்தது. பழைய சாமான் கடை பாய் அப்பாவுக்குக் கூட்டாளி. அந்தக் கடையின் துரு வாசத்தில் அப்பாவும் நானும் எத்தனையோ சாயங்காலங்கள் குனிந்து தேடியிருக்கிறோம். கிழிந்த ஒலிபெருக்கியின் காந்தம். உடைந்த மாண்டலின் ஒன்றின் முறுக்காணிகள். பள்ளிக்கூட டெஸ்க்கின் பலகை. எவனோ காம்பஸால் ஒரு இதயம் கீறியிருந்தான், அம்பு பாதியில் நின்றிருந்தது. அப்பா அதை இழைக்காமல் பின்பக்கமாகத் திருப்பிவிட்டார்.

பாய் கேட்டார்: "மில்லுக்காரரே, இம்புட்டையும் வச்சு என்ன செய்யப் போறீய, ஏரோப்ளேனா?"

அப்பா அவர் வாயைப் பார்த்துவிட்டு, "ஆமா, பிள்ளைய ஏத்தி விடணும்" என்றார்.

ஒலியைக் கரண்டாக மாற்றும் சுருள் ஒன்று வேண்டும். ஆறு ஆணியைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். எரிந்துபோன ரேடியோவின் வயிற்றிலிருந்து கம்பி எடுத்தார். அம்மாவின் தையல் மெஷினில் பாபினுக்கு நூல் சுற்றும் சக்கரத்தில் அதைப் பொருத்தினார். நான் மிதிக்க, அக்கா கம்பியை விரலிடுக்கில் விட, அப்பா பார்த்துக்கொண்டிருப்பார். கம்பி அறுந்தால் எங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். நூல் அறும் நொடியைக் கண்ணால் பிடிக்கிற மனுஷன். இரண்டு விரலைப் பிரித்துக் காட்டுவார், நான் மிதியை நிறுத்துவேன். பிளேடால் முனையைச் சுரண்டி, பற்றவைத்து, கட்டைவிரலை உரசிக் காட்டுவார். இழை சேர்ந்தது. சுருளின் மேல், ஆஸ்பத்திரிகளுக்கென்று அம்மா சுருட்டி விற்கும் கட்டுத்துணியில் ஒரு முழம் கிழித்துச் சுற்றினோம். எங்கள் ஊரில் எதற்கும் கட்டுத்துணிதான் மருந்து.

"காயம்பட்ட பிள்ள மாதிரி இருக்குடி," என்றாள் அக்கா.

இனி மெட்டு. வீணைக் கழுத்தில் குறுக்காக வைத்திருப்பார்களே, கிட்டாருக்கும் அது உண்டு. சைக்கிள் கம்பியை வெட்டி அப்பா அதைச் செய்தார். எங்கெங்கே வைப்பது என்று பார்க்கக் கையில் அசல் கிட்டார் இல்லை. ஒரு வாரப் பத்திரிகையின் அட்டையில் ஒருவன் கிட்டாரைச் சாய்த்துப் பிடித்திருந்த படம்தான் இருந்தது. அதில் மெட்டுகள் தலைப்பக்கம் அகலமாகவும் வயிற்றுப்பக்கம் நெருக்கமாகவும் தெரிந்தன.

"போகப் போக ஒடுங்கும்ப்பா. டீச்சர் கிட்டாரும் அப்படித்தான் இருந்த மாதிரி ஞாபகம்," என்று அக்கா உதட்டை அசைத்தாள்.

அப்பா எங்கள் இருவரையும் ரயில்வே கேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். செங்கோட்டைப் பக்கமாகத் தண்டவாளத்தைக் காட்டினார். குறுக்குக் கட்டைகள் தூரத்தில் நெருங்கி நெருங்கி ஒரு புள்ளியில் போய்ச் சேர்ந்தன.

"அங்கன போய் அளந்து பாரு. எல்லாம் ஒரே அளவுதான். தூரத்துல இருக்கது ஒடுங்கித் தெரியும். அந்தப் படமும் அப்படி எடுத்ததுதான்."

எவ்வளவு அழகான தவறு. கதிருக்குக் கதிர் மயிரிழை பிசகினாலும் நூல் அறுந்துபோகும் உலகத்தில் வாழ்ந்தவர். சமமாக இருப்பதுதான் சரியாக இருப்பது என்று உடம்பால் நம்பியவர். அக்காவின் விரல்கள் வேறொன்றை ஞாபகம் வைத்திருந்தன. ஆனால் அவள் தன் விரல்களைவிட அப்பாவை அதிகம் நம்பினாள். அப்பா மில்லின் அளவுகோலைக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எல்லா மெட்டுகளையும் சம தூரத்தில் பதித்தார்.

பிறகு அந்தச் சாயங்காலம். கம்பிகள் மதுரையிலிருந்து வந்துவிட்டன. ரேடியோவின் முதுகில், கிராமபோனுக்கென்று விட்டிருந்த இரண்டு துளைகளில் வயரைச் செருகினார் அப்பா. ரேடியோ சூடாகும்வரை காத்திருந்தோம். தேனீக்கூட்டைப் போல ஒரு ரீங்காரம். அக்கா ஒரு கம்பியை வெறுமனே தட்டினாள்.

வீடு முழுக்க அது நின்றது. அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள். அப்பா கிட்டாரின் வயிற்றில் உள்ளங்கையை வைத்திருந்தார். மரத்தின் அதிர்வு கையில் ஏற, அவர் முகம் விரிந்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அக்கா முதல் மெட்டில் விரலை அழுத்தித் தட்டினாள். அடுத்ததில். அடுத்ததில். எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனாலும் ஏதோ கோணல் என்று பல்லில் தெரிந்தது. அக்காவின் விரல் நின்றுவிட்டது. அவள் தலையைத் தூக்கினாள். அப்பா உள்ளங்கையை எடுக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எப்படி தாயி?"

அக்கா கட்டைவிரலை உரசிக் காட்டினாள். இழை சேர்ந்தது.

அன்றைக்குப் படுத்தபோது என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், வாசிக்கவில்லை. "எல்லா மெட்டும் கொறஞ்சு பேசுதுட்டி. ஆனா கம்பிய இழுத்துப் பிடிச்சா மேல ஏறும். நான் இழுத்துக்கிடுவேன். அப்பாட்ட சொன்ன, கொன்னுருவேன்."

இழுத்தாள். ஒவ்வொரு சுரத்தையும் கம்பியோடு சேர்த்துப் பக்கவாட்டில் தள்ளி, சுதி வரும் இடம்வரை இழுத்து, அங்கேயே நிறுத்தி வாசிக்கக் கற்றுக்கொண்டாள். விரல்நுனிகள் பிளந்தன. கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டு வாசித்தாள். அந்தக் கம்பிகளில் அவள் பாட்டு கெஞ்சுவது போல வந்தது. மனிதக் குரலுக்கு இவ்வளவு அருகில் வந்த ஒரு வாத்தியத்தை அதன்பிறகு நான் கேட்டதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மூவரும் டவுன் பஸ்ஸில் போனோம். கிட்டாருக்கு அம்மாவின் பழைய சேலையில் உறை. குழுவின் ஒத்திகை அறை ஒரு பால்கோவாக் கடையின் மாடியில் இருந்தது. கீழே பால் சுண்டும் இனிப்பு வாசம் படியேறி வந்தது. அப்பா கையில் இலைப்பொட்டலத்தோடு வாசல் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். ஹாலின் அந்தக் கோடியில் குழு நடத்துகிறவர் வெற்றிலை மென்றபடி ஆர்மோனியத்தின் முன்னால், எங்களுக்குப் பாதி முகம் தெரிகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். நான் அக்காவின் பக்கத்தில்.

அக்கா குழுவின் ஒலிபெருக்கியில் வயரைச் செருகி ஒரு பாட்டை வாசித்தாள். தபலாக்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். குழு நடத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டார். கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"நல்லாருக்கு தாயி. இப்ப பாடுதவனுக்குப் பின்னால நாலஞ்சு கம்பியச் சேத்துப் பிடி பாப்பம்."

ஒரு கம்பியை இழுக்கலாம். ஐந்தையும் ஐந்து அளவில் எந்த விரல் இழுக்கும்? அறையில் கண்ணாடி உடைந்த மாதிரி இருந்தது. அவர் எழுந்து வந்து கிட்டாரின் கழுத்தைத் தடவினார். கோபப்படவில்லை, அதுதான் கொடுமை.

"உன் கையில ஞானம் இருக்கு. இந்தக் கட்டதான் பொய் பேசுது. மெட்டு பூராத்தையும் சமமா வச்சிருக்காவ, யாரு செஞ்சா? இத வச்சு மேடை ஏற முடியாது தாயி. வேற கிட்டாரு கொண்டா, நாளைக்கே சேத்துக்கிடுதேன்."

அக்கா தலையசைத்தாள். சேலை உறையை மாட்டினாள். வாசலுக்கு வந்ததும் அப்பா எழுந்தார். அக்கா அவர் முகத்துக்கு நேராக நின்று, உதட்டை நிறுத்தி நிறுத்தி அசைத்தாள்.

"பொம்பளப் பிள்ளைய சேக்க மாட்டாவளாம்ப்பா. வாசிப்பு, கிட்டாரு எல்லாம் நல்லாருக்காம்."

அப்பா ஹாலின் அந்தக் கோடியைப் பார்த்தார். பிறகு அக்காவை. பிறகு அவள் விரல்களில் சுற்றியிருந்த துணியை. பால்கோவாப் பொட்டலத்தை அவள் கையில் வைத்து, "சரி விடு தாயி. அவனுக்குக் குடுத்து வைக்கல" என்றார். ஹால் முழுக்கக் கேட்டது.

பஸ்ஸில் அக்கா பொட்டலத்தை என்னிடம் தந்துவிட்டாள். நான் மட்டும் பால்கோவா தின்றேன். அதன் இனிப்பு இன்றைக்கும் எனக்கு ஆகாது.

அக்கா சொன்ன காரணம் வீட்டில் காலூன்றி நின்றுகொண்டது. "நான் அன்னைக்கே சொன்னேம்லா," என்றாள் அம்மா. மாமா ஒரே வாரத்தில் தேவதானத்திலிருந்து மாப்பிள்ளை கொண்டுவந்தார். வயல், தோப்பு, ஓட்டு வீடு. அக்கா மறுக்கவில்லை. மறுக்க வேண்டுமென்றால் உண்மையான காரணத்தைச் சொல்லியாக வேண்டும். கிட்டார் ஒருநாள் வீட்டில் இல்லை. "பாய் கடையில போட்டுட்டேன்," என்றார் அப்பா. அக்கா விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டாள். விரல்கள் ஆறத் தொடங்கியிருந்தன.

சீர்வரிசைக்கு ஆசாரி எங்கள் முற்றத்தில் பலாமரத்தில் ஒரு கட்டில் செய்தார். தூள் எல்லாம் மஞ்சளாகப் பறந்தது. கடைசி வேலை முழுவதையும் அப்பாவே செய்தார். படுக்கைப் பலகைக்கு அடியில் இன்னொரு மெல்லிய பலகை வைத்து மூடினார். எதற்கென்று அம்மா கேட்டதற்கு, "பல்லி ஏறாது," என்றார். கட்டிலோடு டெம்போவில் ஏறி தேவதானம் போய் அவரே பாகங்களைப் பொருத்திப் பூட்டிவிட்டு வந்தார்.

கல்யாணத்தன்று எல்லோரும் அழுதுகொண்டிருக்க, அப்பா அக்காவிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கட்டிலக் கழட்டி வெயில்ல போடு தாயி. மூட்டைப்பூச்சி அண்டும். ஒருக்காவாவது கழட்டிப் போடு."

சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். அக்காவின் மாமியார் அவளிடம் தனியாகச் சொன்னாராம்: "பலாவுல பூச்சி அண்டாது. புருசன் பொஞ்சாதி படுக்குத கட்டிலக் கழட்டுனா ஆகாது. அந்தப் பேச்சே வேண்டாம்."

அடுத்த பொங்கலுக்கு அக்கா வந்தபோது, காலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்பா கேட்டார்: "கட்டிலக் கழட்டிப் போட்டியா?"

அக்கா மாமியார் வீட்டைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை. "போட்டேன்ப்பா."

அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஒண்ணும் இல்லயே?"

"ஒண்ணும் இல்லப்பா. நல்லாருக்கு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார். வருஷா வருஷம் இதுதான். கட்டிலைக் கழற்றினாயா, கழற்றினேன். ஒன்றும் இல்லையா, ஒன்றும் இல்லை. நாங்கள் அவருக்குப் பின்னால் நின்று சிரிப்போம். "உங்கப்பாவுக்குக் கட்டில் கிறுக்கு," என்பாள் அம்மா. அக்காவின் பிள்ளைகள்கூட, "தாத்தா, கட்டில் சௌக்கியம்" என்று உதட்டை அசைத்துக் கேலி செய்தார்கள். ஒருநாள் கேட்பதை விட்டுவிட்டார். எப்போது விட்டார் என்று எங்களில் யாருக்கும் ஞாபகமில்லை.

போன வருஷம் அப்பா போய்விட்டார். சாவு வீட்டுக்கு மில்லில் அவரோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர் வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உங்கப்பன் பொல்லாத ஆளு. நாலு மெஷினு தள்ளி நின்னு மேஸ்திரி மொனங்குனாலும் ஒதட்டப் பாத்துச் சொல்லிருவான். வெத்தலை போட்டுக்கிட்டுப் பேசுனாலும் சரி, மொகத்தத் திருப்பிக்கிட்டுப் பேசுனாலும் சரி. அவன் முன்னால ரகசியம் பேசவே முடியாது."

அக்கா என்னைப் பார்த்தாள். நினைவில் நாங்கள் இருவரும் ஒரே இடத்துக்குத்தான் போனோம். பால் சுண்டும் வாசம். பாதி முகம். கட்ட பொய் பேசுது, யாரு செஞ்சா. எங்கள் உதடுகளை, எங்கள் நிதானத்தில்தான் அவர் படிப்பார் என்று நினைத்திருந்தோம். வீட்டில் அவர் திரும்பக் கேட்டதெல்லாம் எங்கள் முகத்தை இன்னும் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருக்கத்தானோ என்னவோ.

"அன்னைக்கே தெரிஞ்சிருக்கு," என்றாள் அக்கா.

இந்தத் தை மாதம் தேவதானத்து வீட்டுக்குத் தரையில் டைல்ஸ் போட்டார்கள். மாமியார் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆயிற்று. அத்தான் வயலுக்குப் போயிருந்தார். ஒத்தாசைக்கு நான் போயிருந்தேன். அறையைக் காலி செய்ய வேண்டும், கட்டிலைக் கழற்றாமல் வாசலில் நுழைக்க முடியவில்லை. வேலையாள் திருகாணிகளை எடுத்தான். படுக்கைப் பலகைகளைத் தூக்கினான்.

"யக்கா, இதுக்குள்ள என்னமோ கட்டி வச்சிருக்காவ."

கட்டுத்துணி. பழுத்துத் தவிட்டு நிறமாகிப்போன கட்டுத்துணி, பிள்ளையைச் சுற்றுவது போலச் சுற்றியிருந்தது. அக்கா தரையில் உட்கார்ந்து அவிழ்த்தாள். நான் கிட்டாரை எதிர்பார்த்தேனா, தெரியவில்லை. என் இடது முழங்கை முதலில் அதை அறிந்துகொண்டது.

கம்பிகள் துருப்பிடித்து இருந்தன. கழுத்தில் பழைய மெட்டுகள் இல்லை. அவை இருந்த கீறல்களையெல்லாம் மஞ்சள் பலாத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தார். அவற்றுக்கு நடுவே புதிய கீறல்கள், புதிய மெட்டுகள். தலைப்பக்கம் அகலமாக, வயிற்றுப்பக்கம் போகப் போக நெருக்கமாக. கழுத்தைச் சுற்றி ஒரு மில் நூல் கிடந்தது. அதில் முடிச்சுகள். நூலை மெட்டுகளின் மேல் பிடித்துப் பார்த்தேன், ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு மெட்டில் உட்கார்ந்தது. யாரிடமோ போய், ஏதோ ஒரு அசல் கிட்டாரின் மேல் இந்த நூலைப் பிடித்து முடிச்சு முடிச்சாக அளந்திருக்கிறார். எந்த ஊர், யார் வீடு, எப்படிக் கேட்டிருப்பார் அந்தப் பெரிய குரலில்.

நேராகக் கையில் கொடுத்திருக்கலாமே என்று இப்போது கேட்பது எளிது. கொடுத்தால் அவள் சொன்னது பொய்யென்று அவருக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அவருக்காகச் சொன்ன பொய். அதை அவள் கண்ணெதிரே உடைக்க அவருக்கு மனமில்லை. அவளே தனியாக, தன் வீட்டில், ஒரு வெயில் நாளில் கண்டெடுக்கட்டும் என்று வைத்தார். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தார்.

அக்கா கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை முதல் மெட்டுகளில் வைத்தாள், ஐந்தாறு கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கும் அந்தப் பிடி. துருப்பிடித்த கம்பி ஒன்று சத்தமில்லாமல் அறுந்து சுருண்டது. அவள் விரலை எடுக்கவில்லை. நுனிகளில் அந்த ஆடி மாதத்துத் தழும்புகள் இன்னும் வெளுப்பாக இருந்தன.

"சரியா இருக்குட்டி," என்றாள். "இழுக்கவே வேண்டாம்."

நான் அவள் தோளில் கை வைத்தேன்.

"அவரு கேட்டப்பெல்லாம் கழட்டிட்டேன்னுதான சொன்னேன். ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு சொன்னேன்." அவள் குரல் உயரவில்லை. "கிட்டாரப் பாத்துட்டும் ஒண்ணும் சொல்லாமப் போறாளேன்னு நெனச்சிருப்பாரு. எம்புட்டு வருசம் நெனச்சிருப்பாரு."

வேலையாள் வாசலில் நின்று, பலகைகளை எங்கே போட என்று கேட்டான். பிறகு அவனாகவே ஒவ்வொன்றாக வெளியே தூக்கிக்கொண்டு போனான்.

முற்றத்தில் நல்ல வெயில். கட்டில் அதில் கிடந்தது.